கரைப்பானும் காந்தப்புலமும்: பைரீன்–டைமெத்தில்அனிலீன் இணையில் அளந்து அறியும் முறை

ஒரு மில்லிடெஸ்லா காந்தப்புலம் ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சி நிலைகளுக்கிடையே உண்டாக்கும் ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளிடம் உள்ள வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய ஆற்றல் ஒரு வேதிவினையின் விளைபொருளைச் சில விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ முடிகிறது என்றால், அது சமநிலையை அசைப்பதால் நிகழ்வதன்று. தனி உறுப்பு இணையில் (இணையாத ஓர் எலக்ட்ரானை ஒவ்வொன்றும் கொண்ட இரு மூலக்கூறுகளின் சோடியில்) உள்ள இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி, ஒன்றையொன்று நீக்கும் ஒற்றை நிலையிலிருந்து ஒன்றோடொன்று சேரும் மும்மை நிலைக்கு மாறும் வீதத்தைப் புலம் மாற்றுகிறது, அவ்வளவே. அந்த மாற்றத்துக்குப் பத்து நானோநொடி அளவில் நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரம் இணைக்குக் கிடைக்குமா, கிடைத்தபின் இரு உறுப்புகளும் மீண்டும் சந்திக்குமா என்பவற்றைத் தீர்மானிப்பது கரைப்பான்.

கரைப்பானின் பங்கைத் தெளிவாகப் பிரித்தறியும் வகையில் ஒரு சோதனையை அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, ஒளியை உட்கவரும் பைரீனும் அதற்கு எலக்ட்ரானைத் தரும் டைமெத்தில்அனிலீனும் சேர்ந்த இணையைக் கொள்கிறேன். 1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலும் மியூனிக் நகரிலும் இயங்கிய இரு குழுக்கள் இந்த விளைவைக் கண்டறிந்தது இத்தகைய இணைகளில்தான். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மிகிர் சௌத்ரியின் குழு, எக்ஸிபிளெக்ஸ் (ஒளியால் கிளர்ந்த மூலக்கூறு மற்றொன்றோடு ஒட்டி உண்டாகும் இணை) ஒளிர்தலின் மீது காந்தப்புலத்தின் விளைவையும் அது கரைப்பானின் மின்காப்பு மாறிலியை (மின்சுமைகளின் ஈர்ப்பைக் கரைப்பான் எத்தனை மடங்கு தணிக்கிறது என்பதை)ச் சார்ந்திருப்பதையும் 1980-களில் ஆராய்ந்தது. விலை உயர்ந்த லேசரோ துடிப்பு மின்காந்தமோ இல்லாமல், ஒரு நல்ல ஒளிர்தல் அளவியும் ஒரு மின்காந்தமும் கொண்டு தொடங்கிவிடக்கூடிய சோதனை இது என்பதும் இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

கரைப்பான் எங்கே நுழைகிறது

ஒளியால் கிளர்வுற்ற பைரீன், டைமெத்தில்அனிலீனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெறுகிறது. இரு மூலக்கூறுகளும் ஒட்டியே இருந்தால் அது எக்ஸிபிளெக்ஸ். பைரீனின் சொந்த ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் அது ஒளிரும். சற்றே விலகி, இடையில் கரைப்பான் மூலக்கூறுகள் புகுந்துவிட்டால், எதிர்மின் பைரீனும் நேர்மின் டைமெத்தில்அனிலீனும் ஓர் அயனி உறுப்பு இணையாகின்றன. இந்த விலகிய நிலையில்தான் அணுக்கருக்களின் காந்தத்தன்மையோடு எலக்ட்ரானுக்கு உள்ள மீநுண் இடைவினை, எலக்ட்ரான் தற்சுழற்சியை ஒற்றை நிலையிலிருந்து மும்மை நிலைக்குத் தள்ளுகிறது. புலம் இல்லாதபோது மூன்று மும்மை உள்நிலைகளும் இந்த மாற்றத்தில் பங்கு பெறுகின்றன. சில மில்லிடெஸ்லாவுக்கு மேல் புலம் வந்ததும், அவற்றில் இரண்டு ஆற்றலில் விலகிப் போய்விட, ஒன்று மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே புலத்தில் ஒற்றை நிலை இணைகள் கூடுதலாக மிஞ்சுகின்றன. அவை மீண்டும் சந்தித்து எக்ஸிபிளெக்ஸாகும்போது ஒளிர்தல் கூடுகிறது.

இந்த வரிசையில் விலகுதல், காத்திருத்தல், திரும்புதல் ஆகிய மூன்றும் கரைப்பானின் பிடியில் உள்ளன. முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் மின்காப்பு மாறிலியைப் பொறுத்தவை. இரண்டாவதைப் பாகுநிலையும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

மின்காப்பு மாறிலியின் வேலையை ஒரே ஓர் எண்ணில் அடக்கலாம். எதிரெதிர் மின்சுமை கொண்ட இரண்டு அயனிகளின் ஈர்ப்பாற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவை ஆன்சாகர் ஆரம் என்பர். 25 டிகிரி செல்சியசில் அது 56 நானோமீட்டரை மின்காப்பு மாறிலியால் வகுக்கக் கிடைப்பது. சைக்ளோஹெக்சேனில் (மாறிலி 2.0) இது 28 நானோமீட்டர், அங்கே அயனிகள் பிரிந்து செல்லும் பேச்சே இல்லை, எக்ஸிபிளெக்ஸ் எக்ஸிபிளெக்ஸாகவே இருந்து ஒளிர்ந்து தீரும். டெட்ராஹைட்ரோஃபியூரானில் (7.6) 7.4 நானோமீட்டர். அசிட்டோநைட்ரைலில் (35.9) வெறும் 1.6 நானோமீட்டர்; அதாவது, ஓரிரு மூலக்கூறு அடுக்குகளைத் தாண்டிவிட்ட அயனிகளுக்கு ஒன்றையொன்று திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பாகுநிலைக்கும் ஒரு மதிப்பீடு செய்து பார்ப்பது நல்லது. பைரீன் அளவிலான மூலக்கூறு அசிட்டோநைட்ரைலில் ஏறத்தாழ நொடிக்கு 2 × 10⁻⁹ சதுர மீட்டர் என்ற விரவல் கெழுவுடன் அலைகிறது. இரண்டு உறுப்புகளும் அலைவதால், ஈர்ப்பு ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 நானோநொடியில் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு சராசரியாக 15 நானோமீட்டரை எட்டிவிடும். இது ஆன்சாகர் ஆரத்தைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். தற்சுழற்சி மாறி முடிவதற்குள் இணை கலைந்துவிடுகிறது என்பது இதன் பொருள். மாறாக, கரைப்பான் மிகவும் பாகாக இருந்தால் இரு உறுப்புகளும் விலகவே நேரமாகிறது. அருகருகே இருக்கும்போது இரு எலக்ட்ரான்களுக்கிடையே உள்ள பரிமாற்ற இடைவினை ஒற்றை நிலையையும் மும்மை நிலையையும் ஆற்றலில் பிரித்துவைத்து மாற்றத்தைத் தடுக்கிறது. எனவே இரு முனைகளிலும் விளைவு சிறுத்து, இடையில் பெருத்து நிற்கும். மின்காப்பு மாறிலியோடும் இதே வடிவம்தான்: 5 அல்லது 6-க்குக் கீழே விளைவு தென்படாது, எக்ஸிபிளெக்ஸ் இணைகள் பலவற்றில் உச்சம் சுமார் 10-க்கும் 25-க்கும் இடையே வரும், அதற்கு மேல் சரியும்.

கரைப்பானைத் தேர்தல்: ஒரு நேரத்தில் ஒரு பண்பு

இந்தச் சோதனையில் பெரும்பாலான பிழைகள் கருவியில் நேர்வதில்லை. கரைப்பான் பட்டியல் எழுதும் மேசையில் நேர்கின்றன. சைக்ளோஹெக்சேன், டெட்ராஹைட்ரோஃபியூரான், எத்தனால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்று அலமாரியில் இருப்பதையெல்லாம் எடுத்து, மின்காப்பு மாறிலிக்கு எதிராகப் புள்ளியிட்டு ஒரு வளைவு வரைவது மிக எளிது. ஆனால் டெட்ராஹைட்ரோஃபியூரானின் பாகுநிலை 0.46 மில்லிபாஸ்கல் நொடி, எத்தனாலுடையது 1.07, டைமெத்தில் சல்ஃபாக்சைடுடையது 1.99. வரைபடத்தின் கிடை அச்சில் ஒன்றை எழுதிவிட்டு நான்கை மாற்றியிருக்கிறோம். எத்தனால் ஹைட்ரஜன் பிணைப்பால் அயனிகளைத் தழுவுவது அச்சில் எங்குமே வராத இன்னொரு மாற்றம்.

முனைவுத்தன்மையை (அதாவது மின்காப்பு மாறிலியை) மட்டும் மாற்ற விரும்புவோர், புரோப்பைல் அசிட்டேட்டும் பியூட்டிரோநைட்ரைலும் கலந்த வரிசையைக் கொள்க. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் குந்தர் கிராம்ப்பின் குழு பயன்படுத்திய கலவை இது. மின்காப்பு மாறிலி சுமார் 6-இலிருந்து 25 வரை தொடர்ச்சியாக உயர்கிறது. பாகுநிலையும் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. ஒளிவிலகல் எண் மாறாதிருப்பது எதற்கு என்று தோன்றலாம். எலக்ட்ரான் பரிமாற்றத்தின்போது கரைப்பான் தன்னை மறுசீரமைக்கும் ஆற்றல், மின்காப்பு மாறிலியோடு ஒளிவிலகல் எண்ணையும் சார்ந்தது. இவ்வரிசையில் ஆன்சாகர் ஆரம் 9.3 நானோமீட்டரிலிருந்து 2.2 நானோமீட்டர் வரை சுருங்குகிறது. விளைவு தொடங்கும் இடமும் உச்சமும் இதற்குள் அடங்கிவிடும். ஏழெட்டுக் கலவைகள் போதும். ஆனால் மாறிலி 6-க்கும் 12-க்கும் இடையில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். வளைவு செங்குத்தாக ஏறும் பகுதி அங்கேதான் உள்ளது.

பாகுநிலையை மட்டும் மாற்றுவது இதைவிடக் கடினம். அசிட்டோநைட்ரைலும் (மாறிலி 35.9, பாகுநிலை 0.34) டைமெத்தில்ஃபார்மமைடும் (36.7, 0.80) ஒரு நல்ல சோடி. பாகுநிலை இரு மடங்குக்கு மேல் உயர்கிறது, முனைவுத்தன்மை அசைவதில்லை. இவற்றோடு எத்திலீன் கிளைக்காலையும் (சுமார் 38, பாகுநிலை 16) சேர்க்கும் ஆசை எழும். சேர்க்கலாம், ஆனால் அது ஹைட்ரஜன் பிணைப்புள்ள கரைப்பான் என்பதால் அந்தப் புள்ளியை மற்ற இரண்டோடும் ஒரே கோட்டில் இணைக்காமல் தனிக் குறியீட்டால் காட்டுவதே நேர்மை. பைரீன் அதில் கரைவதும் சிரமம்.

கலவைகளில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொலுவீனும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் போல, ஒன்று முனைவற்றதும் மற்றது மிகுந்த முனைவுடையதுமான கலவையில், அயனிகளைச் சுற்றி முனைவுள்ள மூலக்கூறுகள் கூடிவிடுகின்றன. குடுவையில் அளந்த சராசரி மின்காப்பு மாறிலியை அயனி இணை அறியாது. அது தன் அருகில் உள்ளதையே அறியும். அதே சராசரி மாறிலி கொண்ட சீரான கலவையில் கிடைத்த விளைவும் இத்தகைய கலவையில் கிடைத்த விளைவும் வேறுபட்டால், அந்த வேறுபாடு பிழையன்று. தேர்ந்த கரைப்பேற்றம் நிகழ்கிறது என்பதற்கான அளவீடு அது. முதலில் சீரான வரிசையை முடித்து அடிப்படைக் கோட்டைப் பெற்றபின் இவ்வகைக் கலவைக்கு வருவதே பொருத்தம்.

மாதிரி தயாரித்தல்

பைரீனின் செறிவை லிட்டருக்கு 10⁻⁵ முதல் 10⁻⁴ மோலுக்குள் வையுங்கள். அதற்கு மேல் சென்றால் பைரீன் தன்னோடு தானே இணைந்து 470 நானோமீட்டர் அருகே எக்சைமர் ஒளியைத் தரும். அது எக்ஸிபிளெக்ஸ் ஒளியோடு கலந்து, விளைவின் விழுக்காட்டைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டைமெத்தில்அனிலீனைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மோல் வரை போதும். அது காற்றுப் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகும் பொருள் ஆதலால், குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து அன்றே பயன்படுத்த வேண்டும். பைரீனை மறுபடிகமாக்கியோ பதங்கமாக்கியோ கொள்ளலாம். டைமெத்தில்அனிலீன் தோலின் வழியே உடலில் சேரும், பியூட்டிரோநைட்ரைல் உடலுக்குள் சயனைடைத் தரும். ஆகவே கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் இல்லாமல் இவற்றைத் திறக்கக் கூடாது.

எல்லாக் கரைப்பான்களிலும் டைமெத்தில்அனிலீனின் செறிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். நேர்மின் உறுப்பு, அருகில் உள்ள மின்சுமையற்ற டைமெத்தில்அனிலீனோடு எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்கிறது; ஒவ்வொரு கைமாற்றத்திலும் அணுக்கருச் சூழல் மாறுவதால் காந்தப்புல வளைவு அகலமாகிறது. இந்தக் கைமாற்றத்தின் வீதமும் கரைப்பானைச் சார்ந்தது. செறிவையும் கரைப்பானையும் ஒருசேர மாற்றிவிட்டால், பின்னர் எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க இயலாது. வசதி இருந்தால் மூன்று செறிவுகளில் அளந்து, சுழியச் செறிவுக்கு நீட்டி வாசிப்பது சிறந்தது.

ஆக்சிஜனை நீக்குவது அடுத்த வேலை. பைரீனின் கிளர்நிலை, ஆக்சிஜன் இல்லாத சைக்ளோஹெக்சேனில் 400 நானோநொடிக்கு மேல் வாழ்கிறது. காற்றுள்ள கரைசலில் 20 நானோநொடி அளவில் முடிந்துவிடுகிறது. உறைய வைத்து, காற்றை உறிஞ்சி, உருக வைக்கும் சுழற்சியை மூன்று நான்கு முறை செய்வது நம்பகமான வழி. ஆர்கான் குமிழியிடுவது எளிய வழி. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. இருபது நிமிடம் குமிழியிட்டால், கலவையில் விரைவில் ஆவியாகும் கூறு முந்திக்கொண்டு வெளியேறி, நாம் அளந்து ஊற்றிய விகிதமே மாறிவிடும். மின்காப்பு மாறிலி 8 என்று குறித்துவைத்த மாதிரி, அளக்கும் நேரத்தில் 8 ஆக இராது. இதைத் தவிர்க்க, ஆர்கானை முதலில் அதே கலவை நிரம்பிய ஒரு குமிழிக்குடுவை வழியே செலுத்தி, கரைப்பான் ஆவியால் நிறைவுறச் செய்தபின் மாதிரிக்குள் விடுங்கள்.

கருவியும் அளவீடும்

பைரீனை 337 முதல் 345 நானோமீட்டர் வரையான ஒளியால் கிளர்த்தலாம். டைமெத்தில்அனிலீன் இந்தப் பகுதியில் பெரிதாக உட்கவர்வதில்லை. ஒளிர்தலை இரண்டு இடங்களில் அளவிட வேண்டும்: பைரீனின் சொந்த ஒளி 370 முதல் 400 நானோமீட்டர் வரை, எக்ஸிபிளெக்ஸின் ஒளி அதற்கு மேல். எக்ஸிபிளெக்ஸ் பட்டையின் உச்சம் முனைவுத்தன்மை கூடக்கூடச் சிவப்புப் பக்கம் நகரும் என்பதால், எல்லாக் கரைப்பானுக்கும் ஒரே அலைநீளத்தை நிலைநிறுத்தாமல், ஒவ்வொன்றிலும் முழு நிறமாலையைப் பதிந்து, பைரீன் ஒளியின் வால்பகுதியைக் கழித்தபின் பட்டையின் பரப்பைக் கொள்ளுங்கள்.

ஒளியை மின்குறிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் தானே காந்தப்புலத்துக்கு உணர்வுள்ள பொருள். உள்ளே எலக்ட்ரான்கள் பறக்கும் பாதையைச் சில மில்லிடெஸ்லா வளைத்துவிடும். எனவே குழாயை மின்காந்தத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஒளியிழையால் ஒளியைக் கொண்டுசென்று, காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ உலோக உறையும் இட வேண்டும். நான் முதல் முறை இதைச் செய்தபோது, அசிட்டோநைட்ரைலில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விளைவு கிடைத்ததென்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். டைமெத்தில்அனிலீனே சேர்க்காத பைரீன் கரைசலிலும் அதே ‘விளைவு’ வந்தபோதுதான், அளந்துகொண்டிருந்தது வேதியியலை அன்று, குழாயை என்று விளங்கியது. அந்த வெற்றுச் சோதனை சுழியம் காட்டும்வரை வேறெதையும் அளக்க வேண்டாம்.

இரும்பு உள்ளகம் கொண்ட மின்காந்தத்தில் மின்னோட்டத்தை நிறுத்தினாலும் சில மில்லிடெஸ்லா தங்கிவிடலாம். விளைவு பாதியாகும் புலமே சில மில்லிடெஸ்லாதான் என்பதால், ‘சுழியம்’ என்று நாம் எழுதுவது சுழியமாக இருக்க வேண்டும். ஹால் உணரியால் மாதிரி இருக்கும் இடத்திலேயே அளந்து, எதிர்த்திசை மின்னோட்டத்தால் ஈடுசெய்யுங்கள். குறைபுலப் பகுதிக்கு உள்ளகமற்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள் ஏற்றவை: 10 சென்டிமீட்டர் ஆரமும் சுருளுக்கு 200 சுற்றுகளும் கொண்ட சோடியில் 2 ஆம்பியர் செலுத்தினால் 3.6 மில்லிடெஸ்லா கிடைக்கும். சுருள் சூடாகும்போது மாதிரியும் சூடாகும். சூடானால் பாகுநிலையும் மின்காப்பு மாறிலியும் இரண்டுமே குறையும். நீர் சுழலும் மாதிரித் தாங்கி இல்லாமல் கரைப்பான் விளைவை ஆராய்வதில் பொருளில்லை.

புலத்தை ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்கி அளந்தால், விளக்கின் நகர்வும் மாதிரியின் ஒளிச்சிதைவும் விளைவாகத் தோன்றும். முப்பது நொடி புலத்துடனும் முப்பது நொடி புலமின்றியும் மாறி மாறி, ஒவ்வொரு புல மதிப்புக்கும் குறைந்தது பத்துச் சுற்றுகள் பதியுங்கள். பத்து லட்சம் ஃபோட்டான்களை எண்ணினால் புள்ளியியல் இரைச்சல் 0.1 விழுக்காடு; இரண்டு அளவீடுகளின் விகிதத்தில் அது 0.14 ஆகிறது. ஒரு விழுக்காட்டு விளைவை நம்பிக்கையோடு சொல்ல இவ்வளவு எண்ணிக்கையாவது வேண்டும்.

வளைவை வாசித்தல்

ஒவ்வொரு கரைப்பானிலும் இரண்டு எண்களைப் பெற வேண்டும்: மிகைபுலத்தில் எட்டும் நிறைவு மதிப்பு, அதில் பாதியை எட்டும் அரைவிளைவுப் புலம். அரைவிளைவுப் புலத்தின் பத்து மடங்கு வரை அளந்து, லோரென்ட்சிய வடிவில் பொருத்தினால் இரண்டும் கிடைத்துவிடும். அரைவிளைவுப் புலத்தை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். கோட்டிங்கன் குழுவின் வெல்லரும் அவருடைய குழுவினரும் 1983-இல் தந்த சூத்திரப்படி, இரு உறுப்புகளின் மீநுண் புலங்களின் வர்க்கக் கூடுதலை இருமடங்காக்கி, அப்புலங்களின் கூடுதலால் வகுக்க வேண்டும். பைரீன்–டைமெத்தில்அனிலீன் இணைக்கு இது ஏறத்தாழ 5 மில்லிடெஸ்லா வருகிறது. ஆகவே 50 அல்லது 60 மில்லிடெஸ்லா தரும் மின்காந்தம் போதும். இந்தச் சூத்திரத்தில் கரைப்பான் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கரைப்பானை மாற்றும்போது அளந்த அரைவிளைவுப் புலம் இம்மதிப்பிலிருந்து விலகினால், இணையின் வாழ்நாள் குறுகியதையோ, மேலே சொன்ன எலக்ட்ரான் கைமாற்றத்தையோ, பரிமாற்ற இடைவினை முழுதும் நீங்காததையோ ஐயுற வேண்டும். ஹைட்ரஜனுக்கு மாற்றாக டியூட்டிரியம் ஏற்றிய சேர்மங்கள் கிடைத்தால், வளைவு குறுகுவதைக் கண்டு மீநுண் இடைவினையே காரணம் என உறுதி செய்யலாம்.

நிறைவு மதிப்பை விழுக்காடாக மட்டும் எழுதுவது ஒரு பரவலான பழக்கம்; எனக்கு அதில் உடன்பாடில்லை. விழுக்காட்டின் வகுஎண்ணில் இருப்பது மொத்த எக்ஸிபிளெக்ஸ் ஒளி. அதன் பெரும்பகுதி, ஒருமுறையும் விலகாமல் உடனே ஒளிர்ந்துவிட்ட எக்ஸிபிளெக்ஸ்களிடமிருந்து வருவது. புலம் அதைத் தொடுவதே இல்லை. முனைவுத்தன்மை கூடும்போது இந்த உடனடி ஒளி வேகமாகக் குறைகிறது. எனவே, விலகித் திரும்பும் இணைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கிய பிறகும்கூட விழுக்காடு ஏறிக்கொண்டே போகலாம். புலத்தால் கூடிய ஒளியின் தனியளவு குறைந்த மின்காப்பு மாறிலியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட, விழுக்காட்டின் உச்சம் அதற்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும். தனியளவு, விழுக்காடு இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால்தான் கரைப்பான் உண்மையில் செய்தது என்ன என்பது தெரியும்.

பைரீனின் சொந்த ஒளியில் புலத்தின் விளைவு தெரிகிறதா என்பதையும் பாருங்கள். இந்த இணையில் எலக்ட்ரான் பரிமாற்றம் அரை எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குக் கீழ்நோக்கிச் செல்வதால், திரும்பிக் கிளர்ந்த பைரீனாக மாறும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இங்கே சுழியமே எதிர்பார்க்கத் தக்கது. பைரீனுக்கு மாற்றாக 9,10-டைமெத்தில்ஆந்த்ரசீனைக் கொண்டால் அந்தச் சரிவு மிகச் சிறியது. அதில் கிளர்ந்த மூலக்கூறு, எக்ஸிபிளெக்ஸ், அயனி இணை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரும்ப மாறுவதைக் கிராஸ் குழு 2008-இல் இந்த வழியில்தான் காட்டியது.

மின்சுமையற்ற உறுப்புகளின் இணைகளுக்கு மேற்கண்ட வரிசை பொருந்தாது. ஈர்ப்பு இல்லாததால் மின்காப்பு மாறிலிக்கு அங்கே நேரடிப் பங்கில்லை; சாதாரண நீர்மங்களில் அவை விரைந்து கலைந்து, மிகச் சிறிய விளைவையே தருகின்றன. அவற்றைப் பிடித்துவைக்க மைசெல்களை (நீரில் சோப்பு போன்ற மூலக்கூறுகள் கூடி அமைக்கும் நுண்ணுருண்டைகளை) நாடலாம். சோடியம் டோடெசில் சல்ஃபேட் லிட்டருக்கு 8 மில்லிமோலுக்கு மேல் சென்றதும் அமையும் மைசெல், ஏறக்குறைய 2 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு கூண்டு. உறுப்புகள் அதற்குள் விலகவும் முடியும், திரும்பவும் முடியும். நியூயார்க்கில் வேதியியலாளர் நிக்கலஸ் டுரோ டைபென்சைல் கீட்டோனை ஒளிச்சிதைத்துக் கண்ட பெரிய விளைவுகள் இவ்வாறு மைசெலுக்குள் கிடைத்தவையே. அங்கே இணை மும்மை நிலையில் பிறப்பதால் குறி தலைகீழாகும்: புலத்தில் கூண்டு விளைபொருள் குறைந்து, தப்பிச் செல்லும் உறுப்புகள் கூடும்.